முதலில் கால், பிறகு கண்

ஏலக்காய் மலையூரான சக்குபள்ளத்தில் இறங்கி, சிவசங்கரி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "ஏலக்கா ஸ்டோர்ல மெசின் வச்ச பொண்ணு" என்று கேட்க வேண்டும். அப்போது ஆட்டோக்காரர் முதல் பலசரக்குக் கடைக்காரர் வரை கையை நீட்டுவார்கள். நீட்டிய கையோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். தோட்டக்காரர் யாக்கோபு சேட்டனின் ஏலக்காய் பழுத்த கதை ஊருக்கே தெரியும் என்பதால் வருகிற சிரிப்பு அது. பழுத்தது தெரிந்த அளவுக்கு, தீர்ந்தது எப்படி என்று யாருக்கும் தெரியாது. கெட்ட சேதிக்கு ஜீப் கிடைக்கும். நல்ல சேதி நடந்துதான் வரவேண்டும்.

சிவசங்கரி பிறந்தது பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கிடக்கும் வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. அந்த ஓர் அறைதான் ராத்திரி படுக்கை, காலையில் நடை, மத்தியானம் சோறு தின்னும் இடம், சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். பாய் விரித்தால் அறை போய்விடும். பாய் சுருட்டினால் அறை வந்துவிடும். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா ராமுத்தாய்க்குக் கொழுந்து எடுக்கும் வேலை. விடிகாலையில் சங்கு ஊதியதும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கேதான் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவார்கள். சங்கு ஊதும்போது பாய் தரையில் கிடந்தால் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. அதனால் அந்த லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் பாய் சுருட்டுவதில் ஓர் ஆவேசம் உண்டு. ராமுத்தாய்க்குக் கொஞ்சம் கூடுதல்.

அந்த ஆவேசத்தில்தான் ஒருநாள் அவர் பெற்ற மகனையே பாய்க்குள் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டார்.

மகன் பாண்டித்துரை, சிவசங்கரிக்குத் தம்பி, அப்போது சின்னப் பயல். குளிரில் எழுந்து ஒன்றுக்குப் போயிருந்தான். ராமுத்தாய் பாயைப் பார்த்தார்; ஆள் இல்லை. கயிறு எடுக்கத் திரும்பினார். அதற்குள் திரும்பி வந்த பையன் பாயைப் பார்த்தான், விரித்தபடிதான் கிடந்தது. கம்பளிக்குள் புகுந்துகொண்டான். கயிறோடு திரும்பிய அம்மா மறுபடி பார்க்கவில்லை. அதுதான் ஒருமுறை பார்த்தாயிற்றே! கம்பளியோடு சேர்த்துச் சுருட்டியதால் கனமும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தீப்பெட்டி கேட்டு வந்தபோது மூலையில் நின்ற பாய் குறட்டை விட்டது.

இந்தக் கதையைச் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை.

"நான் பாத்துட்டுத்தேன் சுருட்டுனேன்" என்பார் ராமுத்தாய்.

"நானும் பாத்துட்டுத்தேன் படுத்தேன்" என்பான் பாண்டித்துரை. "பாயி விரிச்சுத்தேன் கெடந்துச்சு. எங்கண்ணு என்ன பொய்யா சொல்லும்?"

"அப்ப எங்கண்ணு பொய் சொல்லுதாக்கும்?"

இரண்டு பேரும் சொல்வது நிஜம். யார் கண்ணும் பொய் சொல்லவில்லை. பார்த்ததற்கும் சுருட்டியதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்ததே, அதற்குள் பையன் நுழைந்துவிட்டான். தப்பு அந்த இடைவெளியின் மேல்தான். ஆனால் இடைவெளியை நிற்க வைத்துத் திட்ட முடியாது. அதனால் அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ராமுத்தாய் பாய் சுருட்டும் விதம் மாறியது. பாயின் தலைமாட்டில் ஒரு காலை ஊன்றிக்கொள்வார். அந்தக் கால் பாய்மேல் இருந்தால் பாய் அம்மாவுடையது. எந்தப் பிள்ளையும் அதில் படுக்கக் கூடாது. தூக்கம் வந்தால் போய் வேறு இடம் கேட்க வேண்டும். பக்கத்து வீடுகளும் இதைப் பிடித்துக்கொண்டன. அந்த லயத்துப் பிள்ளைகள் படுக்கும் முன்னால் பாயைப் பார்க்க மாட்டார்கள், அம்மா காலைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வீட்டிலிருந்து சிவசங்கரி படித்து மேலே வந்தாள். எப்படி வந்தாள் என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பிடித்தால் விடாத பிடிவாதம் அவளிடம் இருந்தது, கணக்கு வந்தது, அவ்வளவுதான். பெங்களூரில் சில வருஷம் இருந்தாள். அங்கே கற்றது கெர்னல் வேலை. கம்ப்யூட்டருக்குள் எத்தனையோ நிரல்கள் ஓடும். யாருக்கும் இடம் போதாது. யாருக்கு எந்த இடம், எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிற ஒரு வீட்டம்மா எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பாள். அவள்தான் கெர்னல். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து எழுதுகிற கெர்னல் ஒன்றில், அந்த இடம் பிரிக்கும் பகுதியில்தான் சிவசங்கரிக்கு வேலை. கல்யாணமாகிச் சக்குபள்ளம் வந்த பிறகும் வீட்டிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் ஈஸ்வரனுக்கு ஏலக்காய் ஸ்டோர். சுற்றுவட்டத்தில் சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைக்காயை மூட்டையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஈஸ்வரன் அதைத் தட்டுகளில் பரப்பி, சூட்டு அறையில் வைத்து, பச்சை நிறம் போகாமல் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பார். கேட்க லேசாக இருக்கும். சூடு கூடினால் காய் வெடிக்கும். குறைந்தால் வேர்த்துப் பழுக்கும். பச்சை போன ஏலக்காயை ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் சீசனில் ஸ்டோர்க்காரனுக்கு வீடு கிடையாது. விறகுச் சூளைக்கு முன்னால் கட்டில் போட்டு, விறகைத் தள்ளிக்கொண்டும், மேலே காற்றுக் கதவைத் திறந்து மூடிக்கொண்டும் கிடக்க வேண்டும். ஈஸ்வரனின் அப்பா அந்தக் கட்டிலில் புகை குடித்தே நெஞ்சு கெட்டுப் போனவர். ஈஸ்வரனுக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது. லேசான இருமல்தான். ஆனால் மாமனாருக்கும் முதலில் லேசாகத்தான் இருந்ததாம்.

சிவசங்கரி உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை வாங்கினாள். சூடு பார்க்க ஒரு கருவி, காயின் நிறம் பார்க்க ஒரு கேமரா, விசிறிக்கும் காற்றுக் கதவுக்கும் மோட்டார். விறகும் தானாக நகர்ந்து விழும்படி ஒரு சரிவு அடித்தாள். "இனிமே நீங்க வீட்டுல வந்து படுங்க" என்றாள். கட்டிலை மடக்கி ஸ்டோர்ச் சுவரில் சாத்தினார் ஈஸ்வரன். தூர எறியவில்லை. சாத்திவைத்தார். சிவசங்கரி அதைக் கவனித்துக்கொண்டாள்.

மெசின் நன்றாகத்தான் ஓடியது. பிறகுதான் யாக்கோபு சேட்டன் காய் வந்தது.

யாக்கோபு ஊரிலேயே பெரிய தோட்டக்காரர், பெரிய வாய்க்காரரும் கூட. காலையில் காயை வாங்க வந்தவர் தட்டில் கை விட்டு அள்ளினார். பச்சையாக இருக்க வேண்டிய காய், மழையில் கிடந்த புளியங்கொட்டை மாதிரி இருந்தது.

"எடா ஈஸ்வரா, இது ஏலமோ, ஊறுகாயோ?"

ஈஸ்வரன் தலையைச் சொறிந்தார். சத்தம் கேட்டு சிவசங்கரி வந்தாள். மெசின் திரையைப் பார்த்தாள். சூடு எத்தனை என்று காட்டும் இடத்தில், சூரியனுக்குள்ளே கூட இருக்காத ஒரு எண் நின்றது. சூளை பற்றி எரிகிறது என்று நினைத்த மெசின், காற்றுக் கதவை முழுக்கத் திறந்து, விசிறியையும் முழு வேகத்தில் விட்டிருந்தது. மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே புகுந்து, பாதி காய்ந்த காயைப் பழுக்க வைத்துவிட்டது.

"மெசின் தப்பு சேட்டா" என்றாள். "மெசின் வச்சது நானு. அப்ப ஏந்தப்பு."

"மோளே, நின்ட தப்புன்னு சொன்னா காய் பச்சையாகுமோ?"

"ஆகாது."

"பின்னே?"

"இனிமே ஆகாம பாத்துக்கிறேன்."

"நீ பாரு. பார்த்து முடியுற வரைக்கும் என்ட காய் அணக்கரை ஸ்டோருக்குப் போகும்." மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் டீக்கடையில் நின்று, சூரியனைப் பிடித்து ஏலக்காய் காயவைக்கும் மெசினைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு மத்தியானம் ஈஸ்வரன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார். "ஓணத்துக்குள்ள சரியாகலேனா கழட்டிருவோம் சங்கரி. நான் பழையபடி கட்டிலப் போட்டுக்கிறேன்."

"கழட்டுறதா இருந்தா நாந்தேன் கழட்டுவேன். நீங்க ஒரு ஸ்க்ரூவத் தொடக்கூடாது."

"ஏன், தொட்டா என்னவாம்?"

"தொட்டுப் பாருங்க" என்றாள். ஈஸ்வரன் தொடவில்லை. இருமிக்கொண்டே எழுந்து போனார்.

அந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது சூட்டின் அளவே இல்லை. கேமரா எடுத்த படத்தின் ஒரு துணுக்கு. காயின் பச்சை நிறத்தைக் குறிக்கும் எண்ணை, சூடு என்று நினைத்து மெசின் படித்திருக்கிறது. பலகையில் நினைவகம் கொஞ்சம்தான், கேமராவுக்கோ பசி அதிகம். ஆகவே வீட்டம்மாவாகிய கெர்னல், நினைவகத் துண்டுகளாகிய பாய்களை ஓயாமல் சுருட்டிக்கொண்டே இருக்கிறாள். யாரும் படுக்காத பாயைச் சுருட்டு, கேமராவுக்குக் கொடு. கேமரா எழுந்ததும் சுருட்டு, வேறொருவருக்குக் கொடு. இந்த அவசரத்தில், சூடு பார்க்கும் நிரல் இன்னும் படுத்திருந்த பாயைச் சுருட்டிக் கேமராவுக்குக் கொடுத்திருக்கிறாள்.

பாண்டித்துரை கதைதான். சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்தது. இது மாதிரித் தப்புக்கு அவள் தொழிலில் 'ரேஸ்' என்று பெயர். இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஓடி, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து நல்லதோ கெட்டதோ நடக்கும். ஆயிரம் தடவை நல்லதே நடக்கும். மறு தடவை யாக்கோபு சேட்டன் காய் பழுக்கும்.

சிரித்தபடி கெர்னலில் அந்த இடத்தைத் திறந்து படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. பாயைச் சுருட்டப் போகிறவள் முதலில் காலை ஊன்ற வேண்டும், பிறகு யாராவது படுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். படுக்க வருகிறவன் முதலில் உட்கார வேண்டும், பிறகு கால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எழுந்து போக வேண்டும். இந்த வரிசையில் செய்தால் தப்பு நடக்கவே முடியாது. முன்னமே உட்கார்ந்திருந்தால் அம்மா கண்ணில் பட்டுவிடுவான். பிந்தி வந்தால் அம்மா கால் அவன் கண்ணில் பட்டுவிடும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போக வழியே இல்லை. எழுதியவர் கெட்டிக்காரர். மேலே விளக்கமும் எழுதிவைத்திருந்தார். சிவசங்கரியே புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டி, "பாருங்க, இப்படி எழுதணும்" என்று சொன்னதுண்டு.

கெர்னல் வேலையில் கூட்டாளியான கொச்சி ஜெஸ்னாவுக்கு விவரம் அனுப்பிவிட்டுப் போன் போட்டாள்.

"சேச்சி, நான் இங்க ஓட்டிப் பாத்தேன். நெனைவகத்தைக் கொறைச்சு, கழுத்தை நெரிச்சும் ஓட்டிட்டேன். ஒண்ணும் வரல. உங்க பலகைதான் கேடு."

"வேற பலகையும் மாத்திட்டேன் ஜெஸ்னா. அதுலயும் வருது."

"அப்ப ஏலக்காய் வாசனைக்கு வருதோ என்னவோ!"

சிவசங்கரி ஒரு வேலை செய்தாள். ஒரு பாயைச் சுருட்டும்போது வீட்டுக் கதவையே தாழ்ப்பாள் போட்டுவிடும்படி மாற்றினாள். யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. சுருட்டி முடித்த பிறகுதான் கதவு திறக்கும். தப்பு போய்விட்டது. ஆனால் மெசின் மந்தமாகிவிட்டது. சூடு ஏறி வெகுநேரம் கழித்துத்தான் காற்றுக் கதவு திறந்தது. ஈஸ்வரன் ஸ்டோருக்குள் நுழைந்ததுமே மூக்கைச் சுருக்கினார். "காய் கருகுற வாடை லேசா அடிக்குதே."

அந்தத் திருத்தத்தை வெளியேயும் அனுப்பிப் பார்த்திருந்தாள். கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக போலந்துக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். கண்டிப்பானவர், ஆனால் பதில் போடாமல் விடமாட்டார். அவர் எழுதினார்: ஒரு பாய்க்காக ஊர்க் கதவையெல்லாம் அடைக்க முடியாது, இருக்கிற வரிசை சரியாகத்தான் தெரிகிறது, வேறு யாரும் இந்தத் தப்பைப் பார்த்ததில்லை, எங்கே உடைகிறது என்று காட்டுங்கள், பேசலாம். அவர் பாய் என்றும் கதவு என்றும் எழுதவில்லைதான். சாரம் அதுதான்.

"கொஞ்சம் நேரம் காக்க வச்சுப் பாக்கலாமே சேச்சி" என்றாள் ஜெஸ்னா. "பாத்ததுக்கும் சுருட்டுறதுக்கும் நடுவுல சின்னதா ஒரு இடைவெளி குடுத்து, ரெண்டாவது தடவை பாக்கட்டும்."

"எத்தன தடவ பாத்தாலும், கடைசியாப் பாத்ததுக்கும் சுருட்டுறதுக்கும் நடுவுல ஒரு எடவெளி இருக்கத்தான் செய்யும். எந்தம்பி அதுலயும் வந்து படுப்பான்."

"யாரு?"

"ஒண்ணுமில்ல. நீ வையி."

ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஈஸ்வரன் கட்டிலைத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதது போல வந்துவிட்டாள்.

அந்த வாரம் ராமுத்தாய் மகளைப் பார்க்க வந்தார். ஒரு பையில் கேரட், ஒரு பையில் தேயிலைத்தூள், வாய் நிறையப் பள்ளிவாசல் சேதி. மறுநாள் காலை, சிவசங்கரி காப்பித் தம்ளரோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். ராமுத்தாய் எழுந்து, கட்டில் வேண்டாம் என்று அடம்பிடித்துத் தரையில் விரித்துப் படுத்த பாயைச் சுருட்டப் போனார். மருமகன் வீடாக இருந்தாலும் பாய் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. கால் தலைமாட்டில் ஊன்றியது. பிறகு தலை குனிந்து பாயைப் பார்த்தது. பிறகு கை சுருட்டியது.

"ஏம்மா, எப்பவுமே இப்பிடித்தேன் சுருட்டுவியா? மொதல்ல காலு, அப்புறம் பாக்குறது?"

"காலா? யாரு வச்சா?"

"நீதேன். இப்ப வச்சியே."

"போடி. பாக்காம எவளாச்சும் காலத் தூக்கி வைப்பாளா? படுத்துருக்கவென் மூஞ்சியில மிதிக்கவா? மொதல்ல பாப்பேன். ஆளு இல்லேனு தெரிஞ்சுதேன் காலு வப்பேன்."

"இல்லம்மா. கால வச்சுட்டுத்தேன் பாத்த."

"எங்காலு எனக்குத் தெரியாதா? இவ வந்துட்டா எங்காலப் பத்திப் பேச!"

சிவசங்கரி பாயை மறுபடி விரித்தாள். "இன்னொருக்கச் சுருட்டு."

"எதுக்கு?"

"சும்மா சுருட்டும்மா."

ராமுத்தாய் மகளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான பெண், என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். சுருட்டினார். கால் முதலில், கண் பிறகு. ஈஸ்வரன் பல் விளக்கிக்கொண்டு வந்தவர், "அத்தை, காலுதான் முந்துது" என்று நுரை வாயோடு சாட்சி சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டீகளா? பாத்துட்டுத்தேன் வச்சேன். அம்புட்டுத்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. மனசுக்குள் அவர் வரிசை அதுதான். காலம் முழுக்க அப்படித்தான் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். கால் தன் பாட்டுக்கு வேறு வரிசையில் செய்கிறது. சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஆளுக்கே அது தெரியாது.

சிவசங்கரி காப்பியை அப்படியே நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கெர்னலில் எழுதியிருக்கும் வரிசை சரி. எல்லாரும் எழுத்தைத்தான் படித்தார்கள். அவள் படித்தாள், ஜெஸ்னா படித்தாள், போலந்துப் பெரியவர் படித்தார். ஆனால் செய்கிறது யார்? பலகைக்குள் இருக்கும் சில்லு, அதாவது சிப். சில்லுகளுக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக முடிக்கவேண்டும் என்பதற்காக, பின்னால் சொன்னதை முன்னால் செய்துவிடும். இது சிவசங்கரிக்குத் தெரியாததல்ல. அந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் ஜெஸ்னாவிடமும் பெரியவரிடமும் இருக்கும் பெரிய மெசின்களில், கால் ஊன்றும் அந்த ஒரு செயல் மட்டும் அழுத்தமாக நடக்கும். அது முடியாமல் கண் நகராது. அந்த ஒழுக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள், எல்லா மெசினும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். அவளுடைய கையகலப் பலகை வேறு சாதிச் சில்லு. அது காலைத் தூக்கும், ஊன்றுவதற்குள்ளேயே கண்ணை ஓட்டிவிடும். 'ஆள் இல்லை' என்று பார்த்த பிறகு கால் பாயில் படும். அந்த இடுக்கில் பாண்டித்துரை வந்து படுத்துவிடுவான்.

அம்மாவுக்கு வாய்ச்சொல் தப்பு, கால் சரி. மெசினுக்கு எழுத்து சரி, கால் தப்பு.

அந்த இடுக்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு சின்னச் சோதனை நிரல் எழுதினாள். பலகையில் ஓடவிட்டு, அடுப்படிக்குப் போய் அம்மாவுக்கு இட்லி வைத்தாள். இட்லி தின்று முடிப்பதற்குள் தப்பு வந்து நின்றது. வாராது வந்த விருந்தாளியைப் போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கால் ஊன்றும் வரிக்கும் பார்க்கும் வரிக்கும் நடுவே ஒரே ஒரு வரி சேர்த்தாள். கால் பாயில் பட்ட பிறகுதான் கண்ணைத் திறக்கலாம் என்று சில்லுக்குச் சொல்கிற வரி. மறுபடி ஓடவிட்டாள். சாயங்காலம் வரை ஓடியது, தப்பு வரவில்லை. மந்தமும் இல்லை.

எல்லாவற்றையும் எழுதிப் பெரியவருக்கு அனுப்பினாள். எங்கே உடைகிறது, ஏன் மற்றவர்கள் மெசினில் உடையவில்லை, உடைத்துப் பார்க்க என்ன ஓட்டவேண்டும் என்று. பதில் சுருக்கமாக வந்தது. சிறு பலகை ஒன்றில் தானும் ஓட்டிப் பார்த்ததாகவும், உடைந்ததாகவும், வெகுநாளாக எல்லார் கண்ணிலிருந்தும் தப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: சுருட்டுகிறவளுக்கு வரி போட்டீர்கள், சரி, படுக்க வருகிறவனுக்கு?

சிவசங்கரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் தம்பியை மறந்துவிட்டாள். அவனும் உட்கார்ந்த பிறகுதானே பார்க்க வேண்டும்? அவன் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் கதை பழையபடிதான். அந்தப் பக்கத்துக்கும் அதே வரியைச் சேர்த்து அனுப்பினாள். பெரியவர் ஏற்றுக்கொண்டு கெர்னலில் சேர்த்துவிட்டார். ஜெஸ்னா போனில் கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்த ராமுத்தாய் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"என்னடி, யாருக்கு என்ன?"

"உன்னாலதேம்மா தப்பு கெடச்சுச்சு."

"நான் என்னடி தப்புப் பண்ணேன்?" என்று சண்டைக்கு நின்றார். விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். காலும் கண்ணும் பற்றிய இடம் வந்ததும் ராமுத்தாய் கையை உதறினார். "மறுபடியும் காலா? நான் பாத்துட்டுத்தேன் வப்பேன்னு எத்தனவாட்டி சொல்றது?" பள்ளிவாசலுக்குப் பஸ் ஏறும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருத்திய கெர்னலோடு மெசின் ஓட ஆரம்பித்தது. சின்னத் தோட்டக்காரர்கள் காய் கொண்டுவந்தார்கள், காய்ந்தும் பச்சை மாறாமல் வாங்கிப்போனார்கள். யாக்கோபு வரவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம், அணக்கரைப் பக்கம் மழையில் பாதை சரிந்து ஜீப் போகாததால், வேறு வழியின்றி மூட்டையோடு வந்து இறங்கினார். மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஸ்டோரிலேயே உட்கார்ந்துகொண்டார், சாத்தி வைத்திருந்த கட்டிலைத் தானே எடுத்து விரித்து அதன்மேல். ஏலக்காய் காயும் வாசனையில் அவருக்குச் சீக்கிரமே தூக்கம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவரை எழுப்பித்தான் காயைக் காட்ட வேண்டியிருந்தது.

அள்ளினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றை உரித்து வாயில் போட்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத முகம் அது.

"எந்தா மோளே மாத்தினது?"

"ரெண்டு வரி சேத்தேன் சேட்டா."

"ரெண்டு வரியோ! இத்தன நாள் உக்காந்து ரெண்டு வரியோ? என்ட பேரன் டின்டு ஒரு நாளில் ஒரு பேஜ் எழுதும்."

"அவனுக்குச் சிவப்பு மையில திருத்தக் காத்துக்கிட்டு டீச்சர் இருப்பாக சேட்டா. எனக்குப் போலந்துல இருக்காக."

யாக்கோபு புரியாமல் சிரித்தார். போகும்போது, "அடுத்த காய் எடுப்பும் இங்கத்தன்னே" என்று ஈஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்: கயிறு தளர்ந்துவிட்டது, இறுக்கினால் தன் வீட்டுத் தின்பண்டம் காயவைக்க எடுத்துக்கொள்கிறாராம். ஈஸ்வரன் சிவசங்கரியைப் பார்த்தார். அவள் எங்கோ பார்த்தாள். "எடுத்துக்கங்க சேட்டா" என்றார் ஈஸ்வரன். ஜீப்பின் மேலே கட்டில் ஏறியது.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலை. சூளை தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது, கதவு தன் பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சீசன் உச்சத்தில் ஓர் ஏலக்காய் ஸ்டோர்க்காரர் வெயில் ஏறிய பிறகும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. சிவசங்கரி வாசல் பெருக்கிவிட்டு உள்ளே வந்தாள். லயத்தில் பிறந்த உடம்பு; கிடக்கிற பாயைப் பார்த்ததும் கால் தானாகப் போய்த் தலைமாட்டில் ஊன்றியது. பிறகு பார்த்தாள்.

ஈஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன?"

"ஒண்ணுமில்ல. ஆளிருக்கு" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்துக்கொண்டாள். அவர் புரண்டு படுத்தார். இருமல் இல்லாத மூச்சு, சீராக வந்துகொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.